வந்தும் வராதவை

செங்காட்டுப்புதூரில் ஈஸ்வரி டீச்சரின் படுக்கை விரிப்பு அவர் கண்ணுக்கு மட்டும் தெரியாமல் போன அதே வாரத்தில்தான் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் மோட்டாரும் எரிந்துபோனது என்பதால், ஊர் மோட்டாரைப் பற்றித்தான் அதிகம் பேசியது. டீச்சர் அந்த விரிப்பை ஆன்லைனில் வாங்கியிருந்தார். பெரிய பெரிய சூரியகாந்திப் பூப் போட்ட டபுள் பெட்ஷீட். விற்றவள் மூன்றாவது வீதித் தெய்வானை. கொண்டு வந்தது கூரியர்காரன் சிவசாமி. கோலத்துக்குப் பக்கத்தில் பார்சலை வைத்து, துளசிச் செடியும் டீச்சருடைய ஒற்றைச் செருப்பும் விழுகிற மாதிரி போட்டோ எடுத்து, போட்டோவைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டுப் போனான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று பெஞ்சு மேல் நிற்க வைக்கிற டீச்சர், அன்று பொழுதோடு அந்த விரிப்பை விரித்து அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, போனில் "பார்சல் இன்னும் வரவில்லை" என்று தட்டிவிட்டார். திருப்பூரில் இருக்கிற சித்தி மகள் ஒரு சேலைக்கு அப்படித்தான் செய்தாளாம், பணம் மறுநாளே திரும்பி வந்ததாம். டீச்சருக்கும் தெய்வானையின் கணக்கிலிருந்து வந்தது. அந்தக் கம்பெனிக்கு வாங்குகிறவர்தான் சாமி. விற்கிறவர் பூசாரி கூட இல்லை, வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிற ஆள்.

மறுநாள் காலையில் டீச்சர் எழுந்து பார்த்தபோது வெறும் மெத்தையில் படுத்திருந்தார். விரிப்பை யார் உருவினது என்று கணவரைக் கேட்டார். "அது மேலதானே படுத்திருக்கறே" என்றார் அவர். டீச்சர் கையால் தடவினார், பழைய மெத்தையின் பொத்தான்கள்தான் கையில் பட்டன. அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த ஒறம்பரைச் சொந்தங்கள் எல்லாம் பூ அழகு, கலர் அழகு என்று புகழ்ந்துவிட்டுப் போனார்கள், டீச்சர் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வந்த ஷூவை வரவில்லை என்று சொன்ன ரைஸ்மில் மேஸ்திரி ஷூ போட்டுக்கொண்டே வெறுங்காலில் நடந்தார், சித்திரை வெயிலில் தார் ரோட்டைக் கடக்க ஊரே பார்க்கத் துள்ளித் துள்ளி ஓடினார். வந்த குக்கரை வரவில்லை என்ற புதுப் பெண்ணுக்கு விசில் சத்தம் மட்டும் கேட்கவேயில்லை, நாலு வீடு தள்ளி இருக்கிறவர்கள் ஓடி வந்து அடுப்பை அணைத்தார்கள். இன்சூரன்ஸ் ஏஜெண்டின் புதுப் போன் அவர் பாக்கெட்டிலேயே அடித்துக்கொண்டிருக்கும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் எடுத்து "அவரு இருக்கறாருங்க, ஆனா உங்களோட பேச முடியாதுங்க" என்று சொல்லி வைப்பார். பொய் சொன்ன வாய் யாருடையதோ அவருக்கு மட்டும்தான் பொருள் இல்லாமல் போகும், மற்றவர்கள் பார்க்கலாம், தொடலாம், தூக்கிக்கொண்டும் போகலாம். நிஜமாகவே பார்சல் வராதவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர்களுக்கு வழக்கம்போல் பார்சலும் இல்லை பணமும் இல்லை.

ஏன் இப்படி என்று கேட்டுக்கொண்டு நிற்க ஊருக்கு நேரமில்லை. உப்புத் தண்ணீருக்குப் பழகிய ஊர் இதற்கும் பழகியது. "என்ற சட்டையில பொத்தான் சரியா போட்டிருக்கறனுங்களா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புகிற ஆண்கள் வந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு சேர்த்து, ஊட்டுல வராதது ஏதாச்சும் இருக்குதுங்களா என்று மெதுவாக விசாரித்தார்கள். சந்தேகம் மட்டும் சீமைக்கருவேலம் மாதிரி வளர்ந்தது. வீட்டுக்கு வந்தவரை உட்காரச் சொல்லி, அவர் "பரவால்லீங்க, நிக்கறேன்" என்றால் போதும், அவருக்கு நாற்காலி தெரியவில்லை போலிருக்கிறது, இதே மாதிரி ஒன்று வாங்கி ஏப்பம் விட்டிருப்பார் என்று அவர் படி இறங்குவதற்குள் பேச்சு அடுத்த வீதிக்குப் போய்விடும். நல்ல மனுஷர்கள் கூட எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் நாற்காலியைத் தேடித் தொப்பென்று உட்காரப் பழகிக்கொண்டார்கள்.

தீர்வையும் டீச்சர் வீட்டில்தான் கண்டுபிடித்தார்கள். வெறும் மெத்தையில் படுத்து முதுகு அரிக்கிறது என்று டீச்சர் அழுதபோது கணவர் சலித்துப்போய், "நான் சொல்றேன், இருக்குது. என்னையாவது நம்பு" என்றார். டீச்சர் பிரசாதம் வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டி, "வந்துருச்சு" என்றார். கண்ணெதிரே சூரியகாந்தி பூத்தது. பார்க்கிறவர் ஒருவர் சொல்ல வேண்டும், பார்க்காதவர் அந்தச் சொல்லை நம்பிக் கையேந்த வேண்டும், அவ்வளவுதான் மருந்து. நம்பிக்கையில் எள்ளளவு குறைந்தாலும் பொருள் வராது. டீச்சர் திரும்பி வந்த பணத்தை எடுத்துக்கொண்டு நேராகத் தெய்வானை வீட்டுக்குப் போனார். அவருக்குப் பின்னால் ஊரில் பாதி போனது.

தெய்வானையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈரோட்டுச் சந்தையில் நைட்டியும் பெட்ஷீட்டும், கூடவே ஷூ, குக்கர் என்று கிடைத்ததையும் மொத்தமாக எடுத்து வந்து, முன் அறையில் மூட்டை மூட்டையாக அடுக்கி, போனில் படம் பிடித்துப் போட்டு விற்கிறவள். பார்சலைப் பிரிக்கிற அன்பாக்சிங் வீடியோ இல்லாமல் எந்தப் புகாரும் ஏற்கப்படாது என்று ஒவ்வொரு படத்துக்கும் கீழே போட்டிருப்பாள். வரவில்லை என்று யாராவது சொன்னால் வீடியோ காலில் கூப்பிட்டு, பீரோவைத் திறந்து காட்டச் சொல்வாள், கொடியில் காய்கிற துணியைக் காட்டச் சொல்வாள், அதுவும் போதாதென்றால் சூடம் கொளுத்திக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வாள். சேலத்துப் பெண் ஒருத்தி கை சுட்டுக்கொண்டு நிஜமாகவே சத்தியம் செய்தாள், அதற்கும் தெய்வானை "சூடத்தைச் சரியா காட்டுங்க, அது கற்கண்டா இருக்கப்போகுது" என்றாள். இப்போது ஊரே வாசலில் வந்து கையேந்தி நின்றபோது அவளுக்கு உச்சி குளிர்ந்தது. மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொருவரையும் "வந்துருச்சு" என்று உரக்கச் சொல்லச் சொல்லி, போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டாள். எடுத்தது போதாமல் தெருவிலும் போட்டுக் காட்டினாள். பொய் சொன்னவர்கள்தான், ஆனால் ஷூ மேஸ்திரி அழுதது அவ்வளவு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

"விடு அம்மிணி, வந்துட்டாங்கல்ல" என்பார் அவள் கணவர் குமரேசன். அவர்தான் பார்சலுக்கு டேப் ஒட்டுகிறவர். யார் எதைச் சொன்னாலும் நம்புகிற மனுஷர். எதிர்க் கடைக்காரர் மழை வரும் என்றால் வெயிலில் குடையோடு போவார். வரவில்லை என்று போன் வந்தால், பாவம், இன்னொன்று அனுப்பிவிடலாம் என்பார். இந்த ஆளை வைத்துக்கொண்டு தொழில் செய்வதற்கு ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமக்கலாம் என்று தெய்வானை சொல்லாத நாள் இல்லை. ஆனால் அவர் டேப்பைப் பல்லால் கடித்து அறுக்கிற சத்தம் கேட்டால்தான் அவளுக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு மத்தியானம் சங்ககிரியிலிருந்து அர்த்தநாரி என்று ஒருவர் பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். லாரிப் பட்டறையில் வெல்டர், கைமுட்டி வரை பொறி பட்ட தழும்பு. அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன், முன்பக்கம் திறக்கிற நைட்டி வேண்டும் என்று ஆர்டர் போட்டிருக்கிறார், வரவில்லை. போனில் குமரேசன் இன்னொன்று அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அதைத் தெய்வானை தடுத்து வைத்திருந்தாள், இரண்டு நாளாக வீட்டில் அதற்குத்தான் சண்டை.

"போட்டோவில பார்சல் இருக்குதுங்களே" என்றாள் தெய்வானை, வாசற்படியை மறித்து நின்றுகொண்டு.

"அது எங்க ஊட்டு வாசல் இல்லீங்க. எங்க ஊட்டுக்கு நீலக் கதவு."

"கதவுக்குப் பெயிண்ட் அடிக்க எத்தனை நேரமாகும்?"

அர்த்தநாரி கோபப்படவில்லை. வெயிலில் வந்த களைப்பு அவருக்கு. "அண்ணன் இருக்கறாருங்களா? அவருகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்."

குமரேசன் அவளுக்குப் பின்னால் நாலு எட்டில், தரையில் உட்கார்ந்து ரசஞ்சோறு பிசைந்துகொண்டிருந்தார். கூப்பிட்டால் எச்சில் கையோடு எழுந்து வந்து நைட்டியைக் கொடுத்துவிடுவார் என்று தெய்வானைக்குத் தெரியும். அதனால் எல்லாரும் சொல்கிற, யாரும் பொய் என்றே நினைக்காத அந்தச் சொல்லைச் சொன்னாள்.

"அவரு இன்னும் வரலைங்க."

அர்த்தநாரி அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "உள்ள உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கறாரே" என்றார்.

தெய்வானை திரும்பினாள். தட்டு இருந்தது, ரசம் இருந்தது, பிசைந்த சோறு பாதி இருந்தது. ஆள் இல்லை.

கொல்லை வழியாக நழுவிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தாள். நைட்டியோடு போயிருப்பார் என்று மூட்டையை எண்ணிப் பார்த்தாள். பொழுது சாய்ந்தும் வரவில்லை. பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிற பாப்பாத்தி அக்காவிடம் போய், "என்ற ஊட்டுக்காரரைப் பார்த்தீங்களா அக்கா, மத்தியானம் போனவரு வரலை" என்றாள்.

பாப்பாத்தி மாவுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "அம்மிணி, உன்ற பின்னாடியேதான வந்து நிக்கறாரு" என்றாள். விஷயம் புரிந்ததும், "அட சாமி, நீயும் சொல்லிட்டயா" என்றாள்.

ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்த தெய்வானை தனக்கு வந்த நோயை நம்பவில்லை. பார்சலுக்குத்தானே இப்படி ஆகும், ஆளுக்கு எப்படி ஆகும்? ஒரு ஆளைத் தொலைத்ததாக இதுவரை யாராவது வந்தார்களா? சண்டை போட்டுக்கொண்டு எங்கோ போய் உட்கார்ந்திருக்கிறார், ஊர் அவருக்குத் துணை நிற்கிறது, நான் தெருவில் வீடியோ போட்டுக் காட்டினதற்கு வட்டியும் முதலுமாகத் திருப்புகிறார்கள். இதுதான் அவளுக்குப் பட்டது. குமரேசனைப் போட்டோ எடுத்துக் கொண்டுவந்து காட்டினார்கள், அவளுக்குத் தெரிந்தது வெறும் சுவரும் நாற்காலியும். வீடியோ எடுத்துக் காட்டினார்கள், அதில் ஃபேன் சுற்றியது. "புருஷன் வரலைங்கறதுக்கு அன்பாக்சிங் வீடியோ வெச்சிருக்கறீங்களா?" என்று கேட்டார் ஷூ மேஸ்திரி. கேட்டுவிட்டு அவரே சங்கடப்பட்டு, காலில் பளபளத்த ஷூவைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துபோனார்.

"நெசமாவே இங்க இருந்தா ஒண்ணு கேளுங்க அக்கா" என்றாள் தெய்வானை ஒருநாள். "தாலி கட்டறப்ப என்கிட்ட என்ன சொன்னாருன்னு கேளுங்க."

பாப்பாத்தி காலி நாற்காலிப் பக்கம் காதைக் கொடுத்தாள், கேட்டாள், சிரித்தாள். "ஃபேன் காத்துல உன்ற முந்தானை அவரு மூஞ்சியில அடிச்சுட்டே இருந்துச்சாம். அதைக் கொஞ்சம் புடிச்சுக்கோன்னாராம்."

தெய்வானை காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். அது உண்மை. அப்புறம் சொன்னாள்: "இதை நானேதான் எப்பவாச்சும் உங்ககிட்ட சொல்லியிருப்பேன்."

நாற்காலியில் குமரேசன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அதைப் பாப்பாத்தி பார்த்தாள், சொல்லவில்லை.

வீட்டில் வேலை என்னவோ நடந்துகொண்டுதான் இருந்தது. தெய்வானை குளித்துவிட்டு வருவதற்குள் பார்சல்கள் டேப் ஒட்டி அடுக்கியிருக்கும். பூட்டை மாற்றினாள், அப்படியும் ஒட்டியிருந்தது. சிவசாமியிடம் கள்ளச்சாவி இருக்கிறது என்று முடிவு கட்டி, அவனைப் பார்க்கிற பார்வையையே மாற்றிக்கொண்டாள். முன்பக்கம் திறக்கிற நைட்டி இரண்டு குறைந்தன. கொஞ்ச நாளில் சங்ககிரியிலிருந்து மெசேஜ் வந்தது: நைட்டி கிடைச்சிருச்சுங்க, அம்மா போட்டிருக்கறாங்க, அண்ணனுக்கு நன்றி சொல்லிருங்க. முதல் பார்சலையும் அமுக்கிக்கொண்டு இப்போது நல்லவன் வேஷம் போடுகிறான் என்று அதையும் தள்ளினாள். சோற்றுப் பானையில் மட்டும் அவளையறியாமல் இரண்டு பேருக்கு அரிசி விழுந்தது. மிச்சம் ஆகவில்லை. பூனை தின்கிறது என்று நினைத்துக்கொண்டாள், அந்த வீதியில் பூனையே கிடையாது.

கடைசியில் ஊரே சேர்ந்து அவளைக் கையேந்த வைத்தது. ஈஸ்வரி டீச்சர் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார், யாரும் போனை எடுக்கவில்லை. குமரேசன் அவளுக்கு நேர் எதிரே வந்து நின்று தன் கைகளை அவள் கைகளுக்கு மேலாகப் பிடித்தார். தெய்வானை கண்ணை மூடி, "வந்துட்டாரு" என்றாள். மூடின இமைக்கு நடுவில் ஒரு கீற்று மட்டும் திறந்திருந்தது, அந்தக் கீற்று வழியாகப் பாப்பாத்தி சிரிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை சொன்னாள். டீச்சர், "மனசு வெச்சு சொல்லு அம்மிணி" என்று கெஞ்சினார். குமரேசன் கை வலிக்கிற வரைக்கும் நின்றார். பிறகு கையை இறக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். போகும்போது அவர் முகம் இருந்த இருப்பை அங்கிருந்த எல்லாரும் பார்த்தார்கள், பார்க்க வேண்டியவள் மட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் பாப்பாத்தி ஈரக் கையோடு ஓடி வந்தாள். "அம்மிணி, அவரு பையைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டாரு. காங்கயத்துத் தங்கச்சி ஊட்டுக்கே போயிடறாராமா. கட்டினவ கண்ணுக்கே இல்லாத ஆளு இங்க இருந்தென்ன, போயென்னங்கறாரு. நான் சொல்லிப் பார்த்துட்டேன், கேக்க மாட்டேங்கறாரு."

"இல்லாத ஆளு எப்படிக்கா போவாரு" என்றாள் தெய்வானை. சொல்லிவிட்டு டேப்பை எடுத்தாள். பார்சல்கள் எதிலும் டேப் ஒட்டியிருக்கவில்லை. மூட்டைகள் கட்டியது கட்டியபடி கிடந்தன. வீடு முழுவதும் சத்தமே இல்லை. அவர் பஸ் ஏறிவிட்டால், வாசற்படியில் நின்று சங்ககிரிக்காரரிடம் தான் சொன்னது ஊர் மொத்தத்துக்கும் நிஜமாகிவிடும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பயம் வந்தது, அந்தப் பயத்துக்குப் பின்னாலேயே ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. செருப்பைக் கூடப் போடாமல் ஓடினாள், வீதி முனையிலிருந்தே கத்திக்கொண்டு ஓடினாள்.

"காங்கயமுங்களா? போறதுக்கு வேற எடமே கெடைக்கலீங்களா உங்களுக்கு? பொங்கலுக்குப் போனப்ப உங்க தங்கச்சி ஒறம்பரை முன்னாடி என்ன சொன்னா, அண்ணி குடுத்த நைட்டி ரெண்டே தண்ணியில சாயம் போயிருச்சுன்னு சொன்னாளா இல்லையா? நீங்க வாயத் தொறந்தீங்களா? இப்ப அவ ஊட்டுச் சோத்துக்குப் போறீங்க. சுகர் மாத்திரை எடுத்தீங்களா? எடுத்திருக்க மாட்டீங்க. டேப் ஒட்டாம எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு யாரைக் கேட்டுக் கெளம்பினீங்க?"

எங்கே நிற்கிறார் என்று அவள் யாரையும் கேட்கவில்லை, இருக்கிறாரா என்று யோசிக்கவும் இல்லை. திட்டுகிற மும்முரத்தில் சந்தேகப்பட மறந்துபோனாள். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் வழிவிட்டு விலகினார்கள். அங்கே அவர் இருந்தார்.

அவளுக்கு முதுகு காட்டி நின்றார். எப்போதும் போடுகிற, காலர் நைந்த கோடு போட்ட சட்டை, தோளில் ரெக்ஸின் பை. மெலிந்திருந்தார். ஒரு காதில் போன், அடுத்த காதை இன்னொரு கையால் பொத்திக்கொண்டிருந்தார். போனில் தங்கச்சி. அண்ணி பக்கத்துல இருக்கறாங்களா, இருந்தா போனைக் குடு, நாலு வார்த்தை நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேக்கறேன் என்று அவள் சொல்வது வெளியே கேட்டது. எந்தச் சண்டையையும் தாங்காத மனுஷர் அவசர அவசரமாக, "இல்ல இல்ல, அவ வரல, நான் மட்டுந்தான்" என்றார். அத்தனை நாளைக்குப் பிறகு தெய்வானை கேட்ட அவருடைய முதல் சொல் அதுதான்.

குமரேசன் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். அவர் பார்வை தெய்வானை மேல் விழுந்து, அவளைக் கடந்து, பின்னாலிருந்த புளியமரத்தில் போய் நின்றது. "தெய்வானை கத்தற சத்தம் கேட்டுச்சே, எங்க போனா?" என்று சுற்றிலும் பார்த்துக் கேட்டார்.

தான் சொன்ன அதே சொல்லை இப்போது அவரும் சொல்லிவிட்டார் என்று தெய்வானைக்குப் புரிந்தது. போட்டோ, வீடியோ, காலி நாற்காலியிடம் கேட்ட கேள்வி, கீற்றாகத் திறந்திருந்த தன் கண், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. நான் கேட்ட மாதிரியே இனி இவரும் கேட்பார். அத்தனையையும் இவர் என்னிடம் கேட்பார், கேட்பதுதான் நியாயம், அதற்கெல்லாம் நான் என்ன அத்தாட்சி காட்டுவேன் என்று அவளுக்கு அழுகை முட்டியது. காங்கயம் பஸ் வந்து நின்றது.

மூச்சு வாங்கிக்கொண்டு அப்போதுதான் வந்து சேர்ந்த பாப்பாத்தி சொன்னாள்: "இதா, உங்களுக்கு முன்னாடிதான் நிக்கறா."

"அப்படிங்களா?" என்றார் குமரேசன். பையைத் தரையில் வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார். "வந்துட்டாளா. செரி, வா அம்மிணி."

அவ்வளவுதான். அவர் பார்வை புளியமரத்திலிருந்து இறங்கி அவள் முகத்தில் வந்து தங்கியது. "செருப்புக் கூடப் போடாமயா ஓடி வந்தே" என்றார். தெய்வானை அந்தக் கைகளில் தன் முகத்தை வைத்துக்கொண்டு, ஊர் பார்க்கிறதே என்ற நினைப்பில்லாமல் அழுதாள். தனக்கு அத்தனை நாளும் முடியாத ஒன்றை இந்த மனுஷர் பஸ் நிற்கிற நேரத்தில் செய்துவிட்டார் என்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார்.

பஸ் கிளப்பின புழுதி அடங்குவதற்குள் தெய்வானைக்குள் ஒன்று தலைதூக்கியது. இத்தனை சுலபமாக ஒருத்தர் நம்புவாரா? நிஜமாகவே நான் கண்ணில் படாமல் போயிருந்தேனா, இல்லை ஊர் முன்னால் என்னை அழவைக்க நடித்தாரா? கேட்பதற்கு வாயைத் திறந்தாள். திறந்த வாயை அவர் பார்த்துக்கொண்டிருந்தார், என்ன கேட்டாலும் சரி என்று சொல்லிவிடுகிற அந்த முகத்தோடு. அவள் கேள்வியை விழுங்கினாள், அது முள்ளோடு இறங்கியது. குனிந்து பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். வீடு வரைக்கும் அவரை முன்னால் நடக்கவிட்டு, கண்ணை எடுக்காமல் பின்னாலேயே நடந்தாள்.